ப்ளூஜே: இலவசம்தான், ஆனால் ரைட் கிளிக் செய்யத் தெரிந்தால்தான் லாபம்

பெங்களூரில் ஐசிஎஸ்இ பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், ஒன்பதாம் வகுப்பு தொடங்கியதும் ஜாவா எழுதிப் பழகும் மென்பொருளான ப்ளூஜே தானாக வந்து சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் பாடத்துக்கு ஜாவாதான் மொழி, அதை எழுதிப் பார்க்கப் பெரும்பாலான பள்ளிகளில் ப்ளூஜேதான். அல்சூரில் எங்கள் வீட்டுக்கும் அக்கா மகள் வழியாகத்தான் வந்தது. எனக்குப் பிழைப்பே ஜாவாதான், ஆனால் ஆபீஸில் இதை யாரும் தொடமாட்டார்கள் என்பதால் முதலில் இது என்ன சின்னப் பிள்ளைச் சாமான் என்றுதான் பார்த்தேன். இப்போது அவளும் கீழ்வீட்டுப் பையனும் ஞாயிற்றுக்கிழமை கேள்விகளோடு வந்து உட்காரும்போது நான் முதலில் திறப்பது இதைத்தான். ஆபீஸ் லேப்டாப்பில் இருக்கும் இன்டெல்லிஜே என்ற பெரிய மென்பொருளைத் திறப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆப்ஜெக்ட் சார்ந்த மொழி படிக்க ஆரம்பிப்பவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி ஒரே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது: கிளாஸ் என்ற வரையறை வேறு, அதன்படி உருவாகும் ஆப்ஜெக்ட் வேறு, அந்த ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேரியபிள் வேறு. இந்த மூன்றையும் கண்ணால் பார்க்க வைக்கிற ஒரு மென்பொருள் கையில் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த பிள்ளைகள் எல்லோரும் அதை வெறும் நோட்பேட் மாதிரி, ஒரே கிளாஸ், ஓட்டம் தொடங்கும் இடமான ஒரே மெயின், கம்பைல், ரன் என்று மட்டுமே பயன்படுத்துகிறார்கள். திரையின் அடியில் ஆப்ஜெக்ட் பெஞ்ச் என்று ஓர் இடம் இருக்கிறது, வருஷம் முழுக்க அது காலியாகவே கிடக்கும்.

கொஞ்சம் பின்கதை. மைக்கேல் கோலிங், ஜான் ரோசன்பர்க் என்ற இருவர் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1999-ல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் கோலிங் சிட்னியில் ப்ளூ என்றே ஒரு கற்பித்தல் மொழியையும் அதற்கான சூழலையும் செய்திருந்தார், அந்த யோசனையை ஜாவாவுக்குக் கொண்டுவந்ததுதான் ப்ளூஜே. 2009-ல் ஓப்பன் சோர்ஸ் ஆனது. இப்போது அந்தக் குழு லண்டன் கிங்ஸ் காலேஜில் இருக்கிறது. ஆக, சொல்லிக்கொடுப்பதற்காகவே செய்த பொருள். விளம்பரம் கிடையாது, பதிவு கிடையாது, காசும் கிடையாது.

விண்டோஸுக்கான இன்ஸ்டாலரிலேயே ஜாவாவைக் கம்பைல் செய்து ஓட்டத் தேவையான ஜேடிகே சேர்ந்து வருகிறது. பாத் செட் பண்ணு, ஜாவா ஹோம் செட் பண்ணு என்ற முதல் நாள் தலைவலி இல்லை, புதிதாகப் படிப்பவர்களில் பாதிப் பேர் சோர்ந்துபோவது அங்கேதான். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய 4 ஜிபி லேப்டாப்பில்தான் அக்கா மகள் ஓட்டுகிறாள், ஒரு குறையும் இல்லை. இதே லேப்டாப்பில் இன்டெல்லிஜே மாதிரி பெரிய ஐடிஇ (புரோகிராம் எழுதி ஓட்டும் மென்பொருள்) ஒன்றைத் திறந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கிளாஸ் என்பது இட்லித் தட்டு, ஆப்ஜெக்ட் என்பது இட்லி என்று அவளுக்கு டியூஷனில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டாவது கேள்விக்கே உடைந்துவிடும். வெந்த இட்லிக்கும் தட்டுக்கும் அப்புறம் ஒட்டுறவே இல்லை, ஜாவாவிலோ ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கிற வரை தன் கிளாஸைத் தெரிந்து வைத்திருக்கிறது, மெத்தடை, அதாவது அது செய்யும் வேலையை, அழைக்கும்போதெல்லாம் அங்கே போய்த்தான் பார்க்கிறது. அதனால் உவமையை ஓரமாக வைத்துவிட்டு, நம்ம மெட்ரோ கார்டையே கிளாஸாக எழுதச் சொன்னேன். பெயர், பேலன்ஸ் என்று இரண்டு ஃபீல்டு, அதாவது ஒவ்வொரு கார்டும் வைத்திருக்கும் தகவல். ரீசார்ஜ், டிராவல் என்று இரண்டு மெத்தட். மெயின் எழுதவே வேண்டாம் என்றேன். "மெயின் இல்லாம எப்படி மாமா ஓடும்?" என்றாள். திரையில் கிளாஸ் ஒரு பெட்டியாக நிற்கும், அதன் மேல் ரைட் கிளிக் செய்தால் நியூ மெட்ரோகார்டு என்று மெனுவில் வரும், அதை அழுத்து, ஆப்ஜெக்டுக்கு ஒரு பெயர் கேட்கும், அப்படியே ஓகே கொடு. அடியில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. இன்னொரு முறை. இன்னொரு சிவப்புப் பெட்டி. ஒன்றில் 200 ரூபாய் ரீசார்ஜ் செய்துவிட்டு இரண்டையும் டபுள் கிளிக் செய்தால் இன்ஸ்பெக்டர் ஜன்னல்கள் திறக்கும், ஒன்றில் 200, மற்றதில் 0. கிளாஸ் ஒன்று, ஆப்ஜெக்ட் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பேலன்ஸ். இதை நான் போர்டில் எழுதி விளக்கியிருந்தால் அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவளும் புரிந்த மாதிரி தலையாட்டியிருப்பாள்.

அடுத்தது கன்ஸ்ட்ரக்டர், ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் பகுதி. இங்கேதான் இந்த மென்பொருள் மேல் எனக்குப் பிரியம் வந்தது. கீழ்வீட்டுப் பையன் பெயரையும் தொகையையும் வாங்கிக்கொள்ளும் கன்ஸ்ட்ரக்டர் எழுதியிருந்தான். உள்ளே இருந்த வரிகள்: பெயர் சமம் பெயர், பேலன்ஸ் சமம் பேலன்ஸ். கம்பைல் ஆகிவிட்டது, ஒரு தவறும் காட்டவில்லை, ஆனால் டிராவல் செய்தால் காசு இல்லை என்கிறது. மற்ற ஐடிஇக்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கப் பிரிண்ட் போட வேண்டும், இல்லையென்றால் தவறு தேடும் டிபக்கருக்குப் போக வேண்டும். இங்கே ஆப்ஜெக்ட் பிறந்த உடனே இன்ஸ்பெக்டரைத் திறந்தால் போதும், பெயர் நல் (எதுவும் இல்லை), பேலன்ஸ் 0. அதாவது கொடுத்த 500 உள்ளே போகவே இல்லை. கன்ஸ்ட்ரக்டருக்குள் பேலன்ஸ் என்று சொன்னால் பக்கத்தில் இருக்கிற பாராமீட்டரை, அதாவது வெளியிலிருந்து கொடுத்த மதிப்பைத்தான் ஜாவா எடுத்துக்கொள்ளும், அதே பெயருள்ள ஃபீல்டு அதற்குப் பின்னால் மறைந்துவிடும், ஆக பாராமீட்டரை அதற்கே திரும்ப வைத்திருக்கிறான். இந்த ஆப்ஜெக்டுடையது என்று சொல்லும் திஸ் சேர்த்து, இடது பக்கத்தைத் திஸ் புள்ளி பேலன்ஸ் என்று மாற்றியதும் 500 வந்தது. திஸ் எதுக்கு, எப்பப் போடணும் என்ற கேள்வியை அவன் அப்புறம் கேட்கவே இல்லை.

இதையொட்டி இன்னொன்று. பாராமீட்டர் உள்ள கன்ஸ்ட்ரக்டர் ஒன்றை நாமே எழுதிவிட்டால், ஜாவா சும்மா கொடுத்துக்கொண்டிருந்த காலி கன்ஸ்ட்ரக்டர் போய்விடும். நேற்று வரை ஓடிய புரோகிராம் கோடு இன்று ஏன் ஓடவில்லை என்று பிள்ளைகள் விழிப்பது இதனால்தான். ப்ளூஜேயில் ரைட் கிளிக் மெனுவைப் பார்த்தாலே தெரியும், காலி அடைப்புக்குறியோடு இருந்த நியூ வரி காணாமல் போயிருக்கும்.

ஸ்டாட்டிக், அதாவது ஆப்ஜெக்டுக்கு இல்லாமல் கிளாஸுக்கே சொந்தமானது. ஜாவா படிக்கிற யாரைக் கேட்டாலும் முதல் மாசம் அழவைத்தது "நான்-ஸ்டாட்டிக் மெத்தட் கேன்னாட் பி ரெஃபரன்ஸ்ட்" என்ற செய்திதான் என்பார்கள். உடனே கிடைக்கும் தீர்வு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டாட்டிக் போட்டுவிடு என்பது. கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும், ஆனால் அதோடு ஆப்ஜெக்டும் போச்சு, எல்லாருடைய மெட்ரோ கார்டிலும் ஒரே பேலன்ஸ். ப்ளூஜே இதை எந்த விளக்கமும் இல்லாமல் காட்டுகிறது: ஸ்டாட்டிக் மெத்தட் எல்லாம் கிளாஸ் பெட்டியின் ரைட் கிளிக் மெனுவில் இருக்கும், மற்ற மெத்தட் எல்லாம் சிவப்புப் பெட்டியின் மெனுவில் இருக்கும். சிவப்புப் பெட்டியே இல்லையென்றால் டிராவல் என்ற மெத்தடை எங்கே போய் அழுத்துவாய்? யாருடைய கார்டிலிருந்து காசைக் கழிப்பது? மெயின் ஸ்டாட்டிக் என்பதால் அது கிளாஸ் பக்கம் நிற்கிறது, அது ஓடும்போது ஆப்ஜெக்ட் ஒன்றாவது இருக்கும் என்று ஜாவாவால் சொல்ல முடியாது, அதனால்தான் அந்தச் செய்தி.

இல்லாத ஆப்ஜெக்டைத் தொட்டால் வரும் நல்பாயிண்டர்எக்செப்ஷன் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஐந்து கார்டுக்கு ஓர் அரே, அதாவது வரிசை, வைத்துவிட்டு, முதல் கார்டில் ரீசார்ஜ் என்று எழுதினால் விழும். ஏன் என்றால் ஐந்து இடம்தான் உருவாகியிருக்கிறது, ஐந்து கார்டு இன்னும் உருவாகவில்லை. அரேயை இன்ஸ்பெக்டரில் திறந்தால் 0 முதல் 4 வரை வரிசையாக நல், நல் என்று நிற்கும், அதைப் பார்த்ததும் "ஓ, நியூ போடணுமா" என்று அக்கா மகளே சொன்னாள். இந்த நல் ரெஃபரன்ஸ் 1965-ல் அல்கால் டபிள்யூ மொழிக்காக டோனி ஹோர் என்ற கணினி விஞ்ஞானி கொண்டுவந்தது, பின்னாளில் அவரே அதைத் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொல்லிக்கொண்டார். எந்த இடம் நல் என்று இப்போதைய ஜாவா செய்தியிலேயே சொல்லிவிடுகிறது, நான் படித்த காலத்தில் வரி எண்ணோடு சரி.

இரட்டைச் சமன் குறிக்கும் ஈக்வல்ஸுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பார்க்க கோடு பேட் என்ற சின்னப் பகுதி இருக்கிறது, கண்ணில் படவில்லை என்றால் வியூ மெனுவில் போய்க் காட்டச் சொல்ல வேண்டும். கிளாஸ் எதுவும் எழுதாமல் ஒரு வரி அடித்து என்டர் தட்டினால் விடை வரும். எண்ணை ஆப்ஜெக்டாகப் பொதியும் இன்டீஜர் என்ற ரேப்பர் வகையில் ஏ, பி இரண்டுக்கும் 127 கொடுத்து இரட்டைச் சமன் போட்டால் ட்ரூ. இரண்டையும் 128 ஆக்கினால் ஃபால்ஸ். கீழ்வீட்டுப் பையன் லேப்டாப்பில் ஏதோ கோளாறு என்றே நினைத்துவிட்டான். -128 முதல் 127 வரை உள்ள எண்களுக்கு ஜாவா முன்கூட்டியே ஆப்ஜெக்ட் செய்து வைத்திருக்கிறது, யார் கேட்டாலும் அதையே கொடுக்கும், அதற்கு மேல் போனால் பொதுவாகப் புதிது புதிதாகச் செய்கிறது. இரட்டைச் சமன் கேட்பது இது அதே ஆப்ஜெக்டா என்று, ஈக்வல்ஸ் கேட்பது மதிப்பு ஒன்றா என்று. சொற்களை வைக்கும் ஸ்ட்ரிங்கிலும் இதே கதைதான்: நேரடியாக எழுதிய ஒரே மாதிரி சொற்கள் இரட்டைச் சமனில் தேறிவிடும், கீபோர்டில் அடிப்பதைப் படிக்கும் ஸ்கேனரில் வாங்கிய சொல் தேறாது, பிள்ளைகள் குழம்புவதே முதல் வகை தேறிவிடுவதால்தான்.

ஸ்கேனர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நெக்ஸ்ட்இன்ட்டில் வயதை வாங்கிவிட்டு நெக்ஸ்ட்லைனில் பெயரை வாங்கினால் பெயர் காலியாக வரும், எண்ணுக்குப் பிறகு தட்டிய என்டர் அங்கேயே கிடப்பதால் நெக்ஸ்ட்லைன் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நடுவில் ஒரு நெக்ஸ்ட்லைன் சும்மா போட வேண்டும். இதில் ப்ளூஜே ஒரு உதவியும் செய்யாது.

இன்ஹெரிடன்ஸுக்கு வருவோம், ஒரு கிளாஸின் மேல் இன்னொரு கிளாஸைக் கட்டுவது. ஸ்டூடன்ட் கார்டு என்று ஒன்றை மெட்ரோகார்டிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்து எழுதினால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் அம்பு தானாக வந்துவிடுகிறது. அதன் ஆப்ஜெக்டில் ரைட் கிளிக் செய்தால் மெட்ரோகார்டிலிருந்து வந்த மெத்தட்கள் ஒரு துணைமெனுவில், ஆப்ஜெக்ட் என்ற தாய்க் கிளாஸிலிருந்து வந்தவை இன்னொரு துணைமெனுவில். டுஸ்ட்ரிங், ஈக்வல்ஸ் எல்லாம் நாம் எழுதாமலே எங்கிருந்து வந்தன என்பதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது. ஓவர்ரைடு செய்த மெத்தடுக்குப் பக்கத்தில் இது இன்ன கிளாஸில் மாற்றி எழுதப்பட்டது என்று குறிப்பும் போடுகிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று: பிரைவேட் ஃபீல்டு பிள்ளைக் கிளாஸுக்கு வருமா வராதா என்ற கேள்விக்கு வாத்தியார்களே ஆளுக்கொன்று சொல்வார்கள். ஸ்டூடன்ட் கார்டின் இன்ஸ்பெக்டரைத் திறந்தால் பேலன்ஸ் அங்கே இருக்கிறது, ஆனால் ஸ்டூடன்ட் கார்டு கிளாஸுக்குள் பேலன்ஸ் என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது. ஆப்ஜெக்டுக்குள் இடம் இருக்கிறது, பெயர் சொல்லித் தொடத்தான் உரிமை இல்லை. இதைக் காட்டிய பிறகு வாதத்துக்கு வேலை இல்லை. அதே பிரைவேட் ஒரு மெட்ரோகார்டுக்கு இன்னொரு மெட்ரோகார்டிடமிருந்து தடை போடாது, பூட்டு கிளாஸுக்குத்தான், தனித்தனி ஆப்ஜெக்டுக்கு இல்லை. பணம் மாற்றும் மெத்தட் ஒன்று எழுதி, பாராமீட்டர் கேட்கும்போது பெஞ்சில் உள்ள இன்னொரு கார்டைக் கிளிக் செய்தால் அதன் பெயர் தானே வந்து விழுகிறது, அருமையான வசதி.

எக்ஸ்டெண்ட் எங்கே போடுவது, எங்கே ஃபீல்டாக வைத்துக்கொள்வது என்பது வேறு பஞ்சாயத்து. ஜாவாவைச் செய்தவர்களே மேலிருந்து மட்டும் எடுக்க வேண்டிய அடுக்கான ஸ்டாக்கை, எங்கிருந்தும் எடுக்கக்கூடிய பட்டியலான வெக்டரிலிருந்து எக்ஸ்டெண்ட் செய்து வைத்திருக்கிறார்கள், அதனால் ஸ்டாக்கின் நடுவிலும் கையை விட்டு எடுக்கலாம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை குழம்பினால் திட்டாதீர்கள்.

அப்புறம், இது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். நண்பனின் தம்பி மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஊரிலிருந்து வந்து பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் தங்கி, நல்ல பணம் கட்டி ஒரு கோர்ஸில் ஜாவா படிக்கிறான். எந்த இடம் என்று சொல்லவில்லை, அந்தப் பக்கத்தில் ஒரு தெருவில் நடந்தால் நாலு போர்டு பார்க்கலாம். அவன் நோட்டில் நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத அப்ஸ்ட்ராக்ட் கிளாஸுக்கும், என்னென்ன மெத்தட் வேண்டும் என்று பட்டியலிடும் இன்டர்ஃபேஸுக்கும் பத்து வித்தியாசம் எழுதியிருந்தது, இன்டர்ஃபேஸில் உடல் உள்ள மெத்தட் வரவே கூடாது என்பது அதில் ஒன்று. ஆனால் 2014-ல் வந்த ஜாவா 8-லேயே, இன்டர்ஃபேஸில் உடலோடு எழுதும் டிஃபால்ட் மெத்தட் வந்துவிட்டது. "அண்ணா, இன்டர்வியூல கேட்டா என்ன சொல்றது?" என்றான். உண்மையைச் சொல்லு என்றேன். ஒரு கிளாஸ் ஒரே ஒரு கிளாஸைத்தான் எக்ஸ்டெண்ட் செய்ய முடியும், இன்டர்ஃபேஸ் எத்தனை வேண்டுமானாலும் இம்ப்ளிமென்ட் செய்யலாம், ஆப்ஜெக்டுக்கென்று நிலையை வைத்துக்கொள்ளும் ஃபீல்டு இன்டர்ஃபேஸில் கிடையாது, இவ்வளவும் விளக்கத் தெரிந்தால் போதும். ப்ளூஜேயில் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸின் மேல் ரைட் கிளிக் செய்தால் நியூ வரியே இருக்காது என்று காட்டியதும் அவன் முகத்தில் வந்த தெளிவு அந்த நோட்டைப் படித்தபோது வந்ததில்லை.

சரி, குறைகள். இருக்கின்றன.

கோடில் ஒரு எழுத்தை மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் பெஞ்சில் இருந்த ஆப்ஜெக்ட் எல்லாம் போய்விடும். அது சரிதான், பழைய கிளாஸில் பிறந்ததை வைத்து என்ன செய்வது, ஆனால் மூன்று நான்கு கார்டு உருவாக்கி ரீசார்ஜ் செய்து வைத்த பிள்ளைக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். புது கிளாஸ் உருவாக்கினால் அதற்குள் எக்ஸ் என்ற ஃபீல்டு, சாம்பிள்மெத்தட் என்ற மெத்தட், நீளமான கமெண்ட் எல்லாம் ரெடிமேடாக வந்துவிடுகிறது, பிள்ளைகள் அதை அழிக்காமல் ப்ராஜெக்ட் ஃபைலில் அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரிங் கேட்கும் இடத்தில் மேற்கோள் குறியோடுதான் அடிக்க வேண்டும், வெறுமனே ரமேஷ் என்று அடித்தால் அப்படி ஒரு வேரியபிள் இல்லை என்று கத்தும். டெர்மினல் ஜன்னலில் பழைய அவுட்புட் அடுக்கிக்கொண்டே போகும், ஆப்ஷன்ஸில் ஒவ்வொரு முறையும் துடைக்கும்படி டிக் போட்டுக்கொள்ளுங்கள்.

பெஞ்ச் பற்றி எனக்கு ஒரு நியாயமான முறையீடும் உண்டு. ஒரு மெத்தட் திருப்பித் தரும் ஆப்ஜெக்டை கெட் பட்டனை அழுத்திப் பெஞ்சுக்குக் கொண்டுவரலாம். அது ஏற்கெனவே பெஞ்சில் இருக்கிற அதே கார்டாக இருந்தால் என்ன ஆகும்? இரண்டு சிவப்புப் பெட்டி நிற்கும், உள்ளே கார்டு ஒன்றுதான். ஒன்றில் ரீசார்ஜ் செய்தால் மற்றதிலும் ஏறும். அதாவது பெட்டி என்பது உண்மையில் ஆப்ஜெக்டின் பெயர்ச்சீட்டு. இதைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் ரெஃபரன்ஸ் பாடம் நடத்த இதைவிட நல்ல இடம் இல்லை, தனியாகப் படிக்கிற பிள்ளைக்கு இரண்டு ஆப்ஜெக்ட் என்ற தப்பான எண்ணம்தான் படியும்.

பெரிய குறை மெயினை மறக்கடிப்பது. ரைட் கிளிக்கிலேயே எல்லாம் நடந்துவிடுவதால், ப்ளூஜேக்கு வெளியே இந்தக் கோடு எங்கே தொடங்கும் என்று கேட்டால் பிள்ளைக்குத் தெரிவதில்லை. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25-ல் மொழியே இறங்கி வந்து, பப்ளிக்கும் ஸ்டாட்டிக்கும் கிளாஸ் வரியும் இல்லாத வெறும் மெயின் எழுத அனுமதித்துவிட்டது. ஆனால் பரீட்சைத் தாளுக்குப் பழைய முழு வரிதான், அதையும் எழுதிப் பழக வேண்டும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால், இன்டெல்லிஜே, எக்லிப்ஸ், விஎஸ் கோடு எல்லாம் வேலைக்கான கருவிகள், பாதி வரியை அவையே எழுதிவிடும், ஆரம்பத்தில் அது நல்லதில்லை. ஆன்லைன் கம்பைலர்கள் பஸ்ஸில் போகும்போது போனில் பார்க்க உதவும், ஆப்ஜெக்டைக் காட்டாது. பத்தாம் வகுப்பு முடியும் வரைக்கும், அல்லது கோர்ஸில் கலெக்ஷன்ஸ் தொடங்கும் வரைக்கும் ப்ளூஜேயிலேயே இருக்கலாம், அதற்கு மேல் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

டீச்சருக்கு மெயிலில் அனுப்பும்போது மட்டும் கவனம். ப்ராஜெக்ட் என்பது ஒரு ஃபோல்டர். அதற்குள் பேக்கேஜ் புள்ளி ப்ளூஜே என்று ஒரு ஃபைல் இருக்கும், டபுள் கிளிக் செய்தால் எல்லாம் திறப்பதால் பிள்ளைகள் அதை மட்டும் அனுப்பிவிடுவார்கள். அதில் கோடு ஒரு வரிகூட இருக்காது, பெட்டி எங்கே நிற்கிறது என்ற விவரம் மாதிரிதான் இருக்கும். ஃபோல்டரை முழுசாக ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள்.